எப்போது நனைந்தது, எங்கே நனைந்தது: மலையேற்றச் சட்டையின் கோளாறுகளைப் பிரித்துப் பார்ப்பது

மலைக்குப் போய்வந்தவர்கள் சட்டையைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "டிரை ஃபிட்டுன்னு சொல்லித்தான் வித்தாங்க, நனைஞ்சு ஊத்துது." டிரை ஃபிட் என்பது வியர்வையை இழுத்துச் சீக்கிரம் காயும் என்று சொல்லி விற்கப்படும் சட்டை. இந்தப் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எப்போது நனைந்தது, உடம்பில் எந்த இடம் நனைந்தது, அதற்கு மேல் வேறென்ன போட்டிருந்தீர்கள் என்ற மூன்றும் தெரிய வேண்டும். அப்போதுதான் கோளாறு சட்டையிலா, முதுகுப்பையிலா, மழைக்கோட்டிலா, நடந்த வேகத்திலா என்று பிரிக்கலாம். பல நேரம் சட்டை மேல் தப்பே இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் நம் பக்கத்து மலைகளை மனதில் வைத்து: வெள்ளியங்கிரி, பர்வதமலை, கொழுக்குமலை, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து போகிற பாதைகள். அடிவாரத்தில் புழுக்கம், உச்சியில் காற்றும் குளிரும். இமயமலைக்கென்று எழுதப்பட்ட ஆலோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே காற்று வறண்டிருக்கும், சட்டை தானாகக் காயும். நம் மலையில் மேகம் இறங்கிவிட்டால் எந்தச் சட்டையும் லேசில் காயாது.

வியர்வையை இழுக்கும் துணி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக வியர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளிப்பக்கத்தில் பரப்புகிறது. பாலியஸ்டர் இழை தனக்குள் வாங்கிக்கொள்ளும் ஈரம் அதன் எடையில் 0.4 சதவீதம் அளவுதான். பருத்தி 7, 8 சதவீதம் வாங்கும். முழுக்க நனைந்தால் இன்னும் எவ்வளவோ சுமக்கும். அதனால் பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது. ஆனால் பரப்பிய ஈரத்தைக் காற்று எடுத்துக்கொண்டால்தான் காயும். செங்குத்தான ஏற்றத்தில் வியர்வை மணிக்கு ஒரு லிட்டரை எட்டும். அவ்வளவையும் விழுங்கிவிட்டுக் காய்ந்தபடி இருக்கும் சட்டை எந்த விலையிலும் கிடைக்காது.

ஏற ஆரம்பித்த அரை மணியில் தொப்பல்

கையை முதுகுக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பாருங்கள். மார்பும் கையும் சுமாராக இருந்து முதுகு மட்டும் பிழிகிற மாதிரி இருந்தால் காரணம் பை. காற்றே புகாத இடத்தில் எந்தத் துணியும் காயாது. இதற்காக 3,000 ரூபாய்க்குப் புதுச் சட்டை வாங்குவது வீண். முதுகுக்கும் பைக்கும் இடையே வலை இழுத்துக்கட்டிய பைகள் கொஞ்சம் உதவும். இருக்கிற பையிலேயே இடுப்புப் பட்டையை நன்றாக இறுக்கி, தோள்பட்டை வாரை ஒரு பிடி தளர்த்தினால் மேல்முதுகில் காற்றுக்கு வழி கிடைக்கும். எடை இடுப்புக்கு இறங்கும், தோளும் பிழைக்கும்.

இன்னொரு வழி கேட்டால் சிரிப்பீர்கள்: வலை பனியன். தாத்தாக்கள் சட்டைக்குள் போட்டிருந்த அதே ஓட்டை ஓட்டையான சங்கதி. நார்வே ராணுவத்தின் ஹென்ரிக் புரூன் 1933-இல் மீன்வலையை வைத்து இப்படியொரு உள்ளாடையை உருவாக்கினார். குளிர்நாட்டு மலையேறிகள் இன்றும் அந்த வகையை அணிகிறார்கள். நனைந்த சட்டை தோலோடு ஒட்டாமல் அந்த வலை விலக்கி வைக்கிறது. நம் கடையில் கிடைக்கும் பருத்தி வலை பனியன் அதே அளவுக்கு வேலை செய்யாது. பாலியஸ்டர் வலையில் தைத்த விளையாட்டுப் பனியன் கிடைத்தால் முயன்று பார்க்கலாம். பை அழுத்தும் இடத்தில் அதன் முடிச்சுகள் தோலில் பதியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதுகு மட்டுமல்ல, முன்னும் பின்னும் கையும் சேர்ந்து நனைந்திருந்தால் இரண்டு காரணம்தான்: வேகம் அதிகம், அல்லது துணி அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு அறையிலிருந்து கிளம்பும்போது குளிருகிறதே என்று ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை கழுத்துவரை இழுத்துவிடுகிறோம். கால்மணி நேரம் ஏறியதும் உள்ளே வெந்துபோகிறது. கூட்டமாகப் போகையில் ஒருவர் மட்டும் நின்று கழற்றக் கூச்சம். அப்படியே போகிறார்கள், உள்சட்டை முழுக்க நனைகிறது, அன்றைய நாளின் குளிர் முழுவதற்கும் அந்த இடத்திலேயே விதை போட்டாகிவிட்டது. நடை தொடங்கும் இடத்திலேயே ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு துணி கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தையும் குறையுங்கள்.

நின்ற ஐந்து நிமிடத்தில் வெடவெடவென்று நடுக்கம்

ஆபத்துக்குக் கொண்டுபோய் விடக்கூடிய குறி இது ஒன்றுதான். அதனால் இதை விரிவாகவே பார்ப்போம்.

ஏறும்போது உடம்பு சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது, ஈரச் சட்டையும் இதமாகத்தான் இருக்கும். நின்றதும் உற்பத்தி விழுந்துவிடும், ஈரம் அப்படியே இருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன்மேல் உச்சிக் காற்றும் அடித்தால் நனைந்த சட்டை உங்களைக் குளிர்விக்கும் இயந்திரமாகிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 24 என்றால் மேலே 17, 18. எண்ணைக் கேட்டால் பயமாக இல்லை. நனைந்த பனியனோடு அந்தக் காற்றில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

வெள்ளியங்கிரி இதற்குச் சரியான உதாரணம். கோவை பக்கத்துப் பூண்டியிலிருந்து ஏழு மலை, பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறும் காலம், பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். முதல் மலையின் படிகளிலேயே எல்லோருக்கும் வியர்த்து ஊற்றும். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. பலர் அதில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு ஏழாவது மலையில் ஏறுவார்கள். மேலே காற்றை மறிக்க ஒன்றுமில்லை.

அங்கே வருடந்தோறும் ஏறும் பெரியவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். இடுப்பில் காவி வேட்டி, தோளில் துண்டு, மேலுக்குச் சட்டையே இல்லை, கையில் மூங்கில் தடி. ஸ்வெட்டரும் போர்வையும் மூட்டைக்குள் பாலிதீன் கவரில் காய்ந்தபடி இருக்கும். வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஏறுவார்கள், மேலே போனதும் காய்ந்த உடம்பின் மேல் காய்ந்த கம்பளியைப் போர்த்துவார்கள். அடுக்கடுக்காக உடுத்தும் கலையின் சாரம் இதுதான், இதில் டிரை ஃபிட் எங்கேயும் வரவில்லை. நாம் செய்வது நேர் எதிர்: எல்லா அடுக்கையும் அடிவாரத்திலேயே போட்டு, எல்லாவற்றையும் நனைத்து, நனைந்த எல்லாவற்றோடும் உச்சிக்குப் போய் நிற்கிறோம்.

ஆகவே நடுக்கம் வந்தால் இவற்றைப் பாருங்கள். தோலை ஒட்டிய சட்டை பருத்தியா? அப்படியானால் முதல் மாற்றம் அங்கேதான். குளிருக்கு உள்ளே போடும் தெர்மலைப் போட்டுக்கொண்டே ஏறினீர்களா? தெர்மல் நிற்பதற்கும் தூங்குவதற்கும், ஏறுவதற்கு அல்ல. கடையில் தெர்மல் என்று விற்கப்படுவதில் பருத்தி கலந்தவை ஏராளம், உள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். மேலே போட்டது பருத்தி ஹூடியா? பார்க்க அழகு, நனைந்தால் பாறாங்கல். அதற்குப் பதில் மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற பாலியஸ்டர் மேலாடை), அதுவும் இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் ஸ்வெட்டர் போதும். கம்பளி என்று நாம் சொல்லும் ஸ்வெட்டர்களில் பல அக்ரிலிக்தான். அக்ரிலிக்கும் ஈரத்தை அதிகம் குடிக்காது. கடைசியாக, காற்றை மறிக்கும் மெல்லிய நைலான் விண்ட்சீட்டர் இருந்ததா? ஒரு பிடிக்குள் அடங்கும் அந்தத் துணி இல்லாவிட்டால் ஃப்ளீஸின் ஓட்டைகள் வழியே காற்று நேராக உள்ளே போகும்.

நின்றவுடன் மாற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. உடம்பில் சூடு இருக்கும்போதே செய்ய வேண்டும். "கொஞ்சம் உக்காந்துட்டு மாத்திக்கலாம்" என்றால் விரல் மரத்துப்போய்ப் பொத்தான் கழற்ற வராது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், அல்லது ஒரு பாறை மறைவுக்குப் போங்கள். காய்ந்த சட்டையையும் ஸ்வெட்டரையும் முதலில் வெளியே எடுத்து, கைக்கு எட்டும்படி பையின் வாருக்குள் செருகிக்கொள்ளுங்கள். அப்புறம் ஈரச் சட்டையை ஒரே இழுப்பில் கழற்றி, துண்டால் முதுகு, அக்குள், நெஞ்சு என்று அழுத்தித் துடையுங்கள். துடைக்காமல் காய்ந்த சட்டையைப் போட்டால் அதுவும் ஈரச் சட்டை ஆகிவிடும். ஈரச் சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பையின் வெளிப்புறத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், இறங்கும்போது அதையேதான் மறுபடி போடப்போகிறீர்கள். அந்த முதல் ஒரு நிமிடம் ஈரத்தைத் தோலில் மாட்டுவது கொடுமைதான். ஆனாலும் காய்ந்ததைக் காயவே வைத்திருப்பது முக்கியம்.

பெண்கள் பொதுவெளியில் சட்டை மாற்றுவது நடக்காத காரியம். தோலை ஒட்டிய அடுக்கில் கூடுதலாகச் செலவழிப்பது அவர்களுக்குத்தான் நியாயம்: மெல்லிய, சீக்கிரம் காயும் பாலியஸ்டர் அல்லது நைலான், உள்ளாடையும் அதே வகை. பருத்தி உள்ளாடைக்கு மேல் எத்தனை நல்ல சட்டை போட்டாலும் நெஞ்சில் ஈரம் தங்கிவிடும். பெரிய துப்பட்டாவோ போன்சோவோ இருந்தால் அதற்குள்ளேயே மாற்றிவிடலாம்.

நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறி, தீப்பெட்டி உரசக்கூட விரல் ஒத்துழைக்காத நிலைக்கு ஒருவர் போனால் சட்டை ஆராய்ச்சியை நிறுத்துங்கள். ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாக எதையாவது குடிக்க வைத்து, துணையோடு கீழே இறக்குங்கள்.

டிரை ஃபிட் என்று வாங்கினேன், ஈரத்தை இழுக்கவே இல்லை

டிரை ஃபிட் என்ற பெயர் நம் கடைகளில் பாலியஸ்டர் டி-ஷர்ட் எல்லாவற்றுக்கும் ஒட்டப்படுகிறது. திருப்பூர் காதர்பேட்டையில் குவியல் குவியலாகக் கிடக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் அருமையான சரக்கும் உண்டு, மழைக்கோட்டுக்கு அண்ணன் முறையில் நிற்கும் சரக்கும் உண்டு. பெயரை விட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சட்டையை ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஒரு டம்ளர் வாயில் உட்புறம் மேலே தெரியும்படி விரித்துப் பிடித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல துணியில் சொட்டு இரண்டு மூன்று விநாடிக்குள் காணாமல் போகும். திருப்பிப் பார்த்தால் வெளிப்புறத்தில் அதைவிடப் பெரிய ஈர வட்டம் விரிந்திருக்கும். சொட்டு மணிபோல உருண்டு நின்றால் இரண்டில் ஒன்று: துணிக்கு ஈரம் இழுக்கும் பூச்சே போடவில்லை, அல்லது அதன்மேல் வேறு ஏதோ படிந்திருக்கிறது. சொட்டு உறிஞ்சப்பட்டும் அதே அளவில் அதே இடத்தில் நின்றால் துணி குடிக்கிறது, பரப்பவில்லை. பருத்தி அதிகம் கலந்த துணிகள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

படிவதில் முதல் சந்தேகம் ஃபேப்ரிக் கண்டிஷனர். கடைசி அலசலில் வாசனைக்காக ஊற்றுவது இழையின் மேல் மெழுகுபோல் ஒரு படலத்தைப் போடுகிறது, இடுக்குகள் அடைபடுகின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் டிடர்ஜென்ட் போட்டு, கண்டிஷனர் இல்லாமல் இரண்டு மூன்று தடவை துவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். சொட்டுச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். பலமுறை துவைத்ததில் பூச்சே போய்விட்டிருந்தால் மீளாது. அதை வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

குழுவாகப் போகிறவர்கள் அடித்துக்கொள்ளும் ஜெர்சியில் இன்னொரு கோளாறு. நெஞ்சு நிறைய ரப்பர் பிரிண்ட்டில் குழுவின் பெயர், முதுகில் மலைப்படம். அந்த அச்சு இருக்கும் இடம் பிளாஸ்டிக் தாள்தான், அதன் வழியே ஒன்றும் போகாது. துணியிலேயே சாயம் இறங்கும் சப்ளிமேஷன் அச்சில் இந்தப் பிரச்சினை இல்லை. தடவிப் பார்த்தால் அச்சு விரலில் தட்டுப்படக் கூடாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 120 முதல் 150 வரை, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் கை லேசாகத் தெரியும் அளவு. 180-க்கு மேல் போனால் நம் அடிவாரப் புழுக்கத்துக்குத் தாங்காது. இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் 5 சதவீதம்வரை இருந்தால் அசைவுக்கு நல்லது. கூடக் கூடக் காய நேரமாகும். அளவில் மட்டும் எல்லோரும் ஒரே ஆலோசனை சொல்கிறார்கள்: உடம்பைப் பிடித்தாற்போல் போடு என்று. மேலே இன்னொரு அடுக்கு வரப்போகிறது என்றால் அது சரி; தோலைத் தொட்டால்தான் ஈரத்தை எடுக்கும். புழுக்கத்தில் ஒற்றைச் சட்டையாகப் போடுவதற்குக் கொஞ்சம் லூசாக இருப்பதே மேல். நடக்க நடக்கக் கீழிருந்து காற்று ஏறி இறங்கும்.

பருத்தியைத் திட்டுவதையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். பர்வதமலை மாதிரியான பாறை மலையில், காய்ந்த வெயிலில், ஏறி அன்றே இறங்குகிறீர்கள் என்றால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பருத்தி குளிர்ச்சிதான் தரும். நனைத்த ஈரிழைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வதைவிட நல்ல ஏற்பாடு அந்த வெயிலில் எனக்குத் தெரியாது. இரவு, மழை, காற்று, தங்கல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பருத்தி வேண்டாம்.

மழைக்கோட்டுக்குள்ளேயே நனைந்திருக்கிறேன்

கழுத்து, மணிக்கட்டு, தோள் தையல் ஓரம் மட்டும் நனைந்திருந்தால் மழை உள்ளே வந்திருக்கிறது. தையலின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா, உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இடமும் ஒரே சீராகப் பிசுபிசுத்தால் அது உங்கள் வியர்வை. ஸ்கூட்டருக்கு வாங்கிய ரப்பர் கோட்டில் இது நடந்தே தீரும்.

மூச்சுவிடும் துணி என்ற விலையுயர்ந்த ஜாக்கெட்டிலும் நம் ஊரில் இது நடக்கும். லேபிளில் '10,000 கிராம்' என்றிருப்பது ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் வெளியேறும் நீராவியின் அளவு, அதுவும் ஆய்வகச் சூழலில். உள்ளே இருக்கும் ஈரப்பதமும் வெப்பமும் வெளியே இருப்பதைவிட நன்றாக அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியே தள்ளப்படும். வெளியிலும் வெதுவெதுப்பாக, மழையில் ஊறிய காற்று என்றால் அது எங்கே போகும்? அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட், அல்லது கீழே திறந்திருக்கும் போன்சோ நம் மழைக்குப் பொருத்தம். காற்றில்லாத காட்டுப் பாதையில் குடை இரண்டையும் தோற்கடிக்கும். புதர் மண்டிய இடத்திலும் மேட்டுக் காற்றிலும் அது பயன்படாது.

வெளித்துணியில் நீர் உருண்டு ஓடாமல் கருத்துப்போய் ஊறினால் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்திருக்கிறது. துவைத்துக் காயவைத்து, லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு மெல்லிய துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பூச்சு ஓரளவு உயிர்பெறும்.

துவைத்த பிறகும் நாற்றம்

காய்ந்த சட்டையில் வாசமே இல்லை, போட்டு ஏறிய பத்தாவது நிமிடத்தில் பழைய நாற்றம் எழுந்து வருகிறது. பாலியஸ்டரின் பிறவிக் குணம் இது. தண்ணீரை ஏற்காத அந்த இழை எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியஸ்டரில் மைக்ரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர்கள் நன்றாகப் பெருகுவதையும், பருத்தியைவிட அது மோசமாக நாறுவதையும் கண்டார்கள்.

அரை வாளித் தண்ணீரில் ஒரு மக் வெள்ளை வினிகர் ஊற்றி, சட்டையை உள்வெளியாகத் திருப்பி அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிவிட்டு, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. கிளம்பும் வாயு விஷம். டிடர்ஜென்டை அள்ளிப் போடுவதும் உதவாது, அலசிப் போகாத சோப்பு துணியிலேயே தங்கும். எல்லாவற்றையும்விட, இறங்கியதும் ஈரச் சட்டையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, இரவு பஸ்ஸில் ஊர் வந்து மறுநாள் மாலை பிரிக்கும் பழக்கத்தை விடுங்கள். அறையிலோ குழாயடியிலோ ஒரு அலசு அலசிப் பிழிந்தாலே பாதி நாற்றம் வராது.

மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளி பல நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது என்பது உண்மை. பல நாள் நடைக்கு, குளிர் மலைக்கு நல்ல முதலீடு. ஒருநாள் ஏறி இறங்க நான் அதற்குச் செலவழிக்கச் சொல்லமாட்டேன். விலை அதிகம், பாலியஸ்டரைவிட மெதுவாகக் காயும், பூச்சிக்கும் பிடிக்கும்.

அக்குள், தோள், மார்க்காம்பு எரிச்சல்

வியர்வை காய்ந்து உப்பு படிகிறது, அதன்மேல் தையல் உரசுகிறது. எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே சட்டையின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். தடித்த தையல் தட்டுப்படும். தோளில் தையல் இல்லாமல் கழுத்திலிருந்து சாய்வாகக் கை இறங்கும் ராக்லன் வெட்டு, பை சுமப்பவர்களுக்கு ஏற்றது. தட்டையாகத் தைத்த தையலைத் தேடி வாங்குங்கள். உரசும் இடத்தில் கிளம்புமுன்பே வாஸ்லைன். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் போய்விடும், சட்டையில் ஏறி மேலே சொன்ன நாற்றத்துக்கும் தீனி போடும். ஆண்களுக்கு மார்க்காம்பில் ஒரு துண்டு மைக்ரோபோர் டேப் போதும். ஓய்வெடுக்கும்போது ஈரத்துண்டால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

வெயிலில் தோள் எரிந்தால்: மெல்லிய வெள்ளைப் பருத்தி வெயிலை நன்றாக மறிப்பதில்லை, நனைந்தால் இன்னும் மோசம். அடர்நிற முழுக்கைப் பாலியஸ்டர் போடுங்கள். மழைக்கால அட்டைக்கும் முழுக்கைதான். சட்டையை பேண்ட்டுக்குள்ளும், பேண்ட்டைச் சாக்ஸுக்குள்ளும் செருகினால் அட்டை துணிக்கு மேலேயே ஊரும், கண்ணில் படும்.

சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருந்தால் தங்கிய இடத்து கேம்ப் ஃபயர் பொறி. பாலியஸ்டர் உருகும், உருகித் தோலில் ஒட்டும். தீ அருகே உட்காரும்போது மேலே கம்பளியோ பருத்திப் போர்வையோ இருக்கட்டும். விழுந்த ஓட்டையின் விளிம்பு உருகி இறுகிவிடுவதால் பெரும்பாலும் இழை பிரிந்து ஓடாது, தைக்க வேண்டியதில்லை. பை வார் உரசும் இடத்தில் விழுந்திருந்தால் மட்டும் உட்புறமாக ஒரு சின்ன ஒட்டுப் போட்டுவிடுங்கள்.